எட்டும் எயிட்டும் உறவா?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சித்தப்பா இருக்கிறார். காலையில் ரோஜாப்பூ போட்ட வணக்கம், பத்து மணிக்கு மூட்டுவலி மருத்துவம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தமிழ்ப் பெருமை. இதுதான் அவருடைய தினசரி. போன வாரம் பெருமைப் பகுதியில் ஒரு பட்டியல் வந்தது. ஆங்கிலம் முழுக்கத் தமிழிலிருந்து திருடியது, இதோ ஆதாரம் என்று: ஒன்று – ஒன், எட்டு – எயிட், வெற்றி – விக்டரி, காசு – கேஷ், கட்டில் – காட். கீழே கைதட்டல் படங்கள் வரிசை கட்டி நின்றன. "நீதான் சொல்லு சொல்லுன்னு அகராதியக் கட்டிக்கிட்டு அழறவனாச்சே, என்னடா சொல்ற?" என்று என்னையும் இழுத்துவிட்டார்.

குழுவில் பதில் போட்டால் தீபாவளிக்கு ஒரு வீட்டுக்குப் போக முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். சித்தப்பா, உங்கள் பட்டியலில் ஒன்று சரி, ஒன்று பாதி சரி, மிச்சமெல்லாம் தப்பு. எது எது என்று சொல்வதைவிட, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

முதலில் எட்டு. ஆங்கில எயிட்டை எழுதும்போது நடுவில் ஜி, ஹெச் என்று இரண்டு எழுத்துகள் சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கும். ஸ்பெல்லிங் தப்பாகி அடி வாங்கிய எல்லாருக்கும் அவை நினைவிருக்கும். அவை சும்மா வரவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஏறக்குறைய 'எஅஹ்த' என்று, நடுவில் ஒரு தொண்டை ஒலியோடு இருந்தது. பக்கத்து வீட்டு ஜெர்மனில் இன்றும் 'ஆக்ட்'. லத்தீனில் 'ஆக்டோ'. ரோமானியரின் பழைய நாட்காட்டியில் எட்டாவது மாதமாக இருந்ததால்தான் அக்டோபருக்கு அந்தப் பெயர். சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. இவையெல்லாம் ஒரு குடும்பம்.

இப்போது நம் எட்டை எடுங்கள். எண்பது, எண்ணூறு, எண்மர், எண்கோணம் எல்லாவற்றிலும் இருப்பது 'எண்'. அதோடு 'து' சேர்ந்து எட்டானது. கன்னடத்தில் அந்த மூக்கொலி இன்னும் போகவில்லை, அவர்கள் 'எண்டு' என்கிறார்கள். தெலுங்கில் 'எனிமிதி'. ஆகப் பின்னோக்கிப் போகப் போக ஆங்கிலச் சொல்லுக்குள் ககரம் கிளம்புகிறது, தமிழ்ச் சொல்லுக்குள் ணகரம் கிளம்புகிறது. இன்றைக்கு இரண்டும் ஒரே மாதிரி கேட்பது தற்செயல். ஒன்றும் ஒன்னும் அதே கதை. ஆங்கிலத்தின் 'ஒன்' பழைய காலத்தில் 'ஆன்', ஜெர்மனில் 'ஐன்', லத்தீனில் 'ஊனுஸ்'. அந்த வகரச் சத்தமே பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. விக்டரி லத்தீன் வினைச்சொல் ஒன்றிலிருந்தும், வெற்றி நம் 'வெல்' என்பதிலிருந்தும் வந்தவை. சம்பந்தி உறவுகூட இல்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஆங்கில வீலும் சமஸ்கிருதச் சக்ரமும் அண்ணன் தம்பி என்றால் நம்புவீர்களா? ஒரு எழுத்துகூட ஒத்துப்போகவில்லை. ஆனால் கிரேக்கத்தில் அதே சொல் 'குக்லோஸ்'. அதிலிருந்து வந்ததுதான் சைக்கிள். மூன்றையும் வரிசையாக வைத்து, எந்த மொழியில் எந்த ஒலி எப்படி மாறும் என்கிற கணக்கைப் போட்டால் மூன்றும் ஒரே தாத்தாவிடம் போய் நிற்கின்றன. நாம் 'சைக்கிள் வீல்' என்று சொல்லும்போது ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்கிறோம்.

காசு பாதி சரி என்றேன். ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. கையில் இருக்கும் ரொக்கத்தைக் குறிப்பது, பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள் வழியாக லத்தீனிலிருந்து வந்தது. அதற்கும் நமக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சென்னையில் கணக்கு எழுதிய சின்னச் செப்புக்காசுக்கும் கேஷ் என்று பேர்: 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் கேஷ் நம் காசேதான், போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனது. சீனத்தின் ஓட்டைக் காசுக்கும் ஐரோப்பியர்கள் அதே பெயரைத்தான் வைத்தார்கள்.

சரியான ஒன்று, கட்டில். ஆங்கிலக் 'காட்' இந்தியின் 'காட்' என்பதிலிருந்து போனது. இந்திச் சொல் சமஸ்கிருதத்தின் 'கட்வா'விலிருந்து வந்தது. அந்தச் சமஸ்கிருதச் சொல்லே திராவிடத்திலிருந்து, அதாவது நம் கட்டிலின் உறவிலிருந்து வாங்கியது என்பது மொழியியலாளர்கள் பலரின் கருத்து. சித்தப்பா குருட்டாம்போக்கில் எறிந்த கல் மாங்காயில் பட்டுவிட்டது. ஆனால் 'திருட்டு' என்பதற்கு இதில் இடமில்லை. பல கை மாறி, மாறிய இடமெல்லாம் தடம் விட்டுப் போயிருக்கிறது.

அந்தத் தடம்தான் விஷயம். கன்னடக்காரர்களோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஒருநாள் தானாகவே ஒரு ஒலி விதியைக் கண்டுபிடித்திருப்பார்கள். பால் – ஹாலு, பல் – ஹல்லு, புலி – ஹுலி, பத்து – ஹத்து, பெண் – ஹெண்ணு, பன்றி – ஹந்தி. சொல்லின் தலையில் நமக்கு பகரம் என்றால் அவர்களுக்கு ஹகரம். இது இடைக்காலத்தில் கன்னடத்தில் நடந்த மாற்றம். பழைய கன்னடத்தில் அவர்களும் பகரமே சொன்னார்கள். ஹாசன் மாவட்டத்து ஹல்மிடியில் கிடைத்த கன்னடத்தின் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று, அந்த ஊரின் பெயரையே பகரத்தில் தொடங்கித்தான் சொல்கிறது.

மாறியது எப்போதும் அவர்கள்தான் என்று நினைத்துவிட வேண்டாம். செவிக்குக் கன்னடத்தில் 'கிவி', செய்வதற்குப் பழைய சொல் 'கெய்', சேரிக்குக் 'கேரி'. இங்கே பழைய ஒலியைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். இ, ஈ, எ, ஏ முன்னால் நின்ற ககரத்தை நாம்தான் சகரமாக்கிவிட்டோம். அப்படியானால் கேள், கிளி, கீழ், கெடு என்பவை ஏன் சகரமாகவில்லை? அவற்றில் அடுத்து வரும் மெய் ள், ழ், ட் என்று நாக்கை மடித்துச் சொல்லும் ஒலி. அப்படி வந்தால் பெரும்பாலும் ககரம் தப்பித்துக்கொள்ளும். விதிவிலக்குக்குள்ளேயே ஒரு விதி! இதை முதலில் படித்தபோது எனக்கு ஒரு நல்ல துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயம் படித்த மாதிரி இருந்தது. 'கீரை' மாதிரி இதற்கும் அடங்காத சில சொற்கள் உண்டு. அவற்றை வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816இலேயே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம் என்று எழுதிவிட்டார். கால்டுவெல் 1856இல் அதைப் பெரிய நூலாக விரித்தார். 1961இல் பர்ரோ, எமனோ என்ற இருவர் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி போட்டார்கள், 1984இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் ஒரு பதிவைத் திறந்தால் தமிழ், மலையாளம், கோத்தர் மொழி, தோடர் மொழி, கன்னடம், துளு, தெலுங்கு, கோண்டி என்று ஒரே சொல்லின் உறவுக்காரர்கள் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருப்பார்கள். அதில் கோண்டி மொழிக்காரர்களை நாம் பொதுவாகக் கண்டுகொள்வதே இல்லை. இஞ்சிக்கு வரும்போது அவர்கள் தயவு தேவைப்படும்.

ஆங்கிலத்தில் ஜிஞ்சர், லத்தீனில் 'சிங்கிபெர்', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', பாலியில் 'சிங்கிவேர'. பாலிச் சொல்லின் பின்பாதியைப் பாருங்கள். வேர்! இஞ்சி வேர் கப்பலேறிப் போயிருக்கிறது. ஆனால் தலையில் இருக்கும் சகரம் எங்கிருந்து வந்தது? நாம் இஞ்சி என்றுதானே சொல்கிறோம்?

இங்கேதான் கோண்டி. ஆறு என்ற எண்ணுக்குக் கோண்டியில் 'சாரூங்'. நம் உப்புக்கும் அங்கே சகரத்தில் தொடங்கும் சொல் உண்டு. மூலத் திராவிடத்தில் பல சொற்கள் சகரத்தோடு தொடங்கின, தென்னகத்து மொழிகள் அதைக் காலப்போக்கில் உதிர்த்துவிட்டன, மத்திய இந்தியக் காடுகளில் இருந்தவர்கள் காப்பாற்றி வைத்தார்கள். இஞ்சிக்கும் முன்னால் ஒரு சகரம் இருந்தது. அது உதிரும் முன்பே சொல் வடக்கே போய்விட்டதால் பாலியிலும் கிரேக்கத்திலும் சகரம் தங்கிவிட்டது. நம் வீட்டில் தொலைந்த பொருளை ரோமாபுரிக்காரன் பத்திரமாக வைத்திருக்கிறான்.

சமஸ்கிருதப் பண்டிதர்கள் இந்தச் சொல்லை என்ன செய்தார்கள் என்பது இன்னும் அழகு. 'ச்ருங்கவேர' என்று மாற்றி, ச்ருங்கம் என்றால் கொம்பு, மான்கொம்பு மாதிரி கிளைத்த உடல் உடையது என்று பொருளும் சொல்லிவிட்டார்கள். இஞ்சியைப் பார்த்தால் மான்கொம்பு மாதிரிதான் இருக்கிறது. குறை சொல்ல முடியாத விளக்கம், ஆனால் தவறான விளக்கம். சித்தப்பாவின் பட்டியலுக்குக் கம்பீரமான முன்னோடிகள் உண்டு. ஆலன் ராஸ் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் இந்த ஒரு சொல்லைப் பற்றியே 1952இல் ஒரு தனிநூல் எழுதினார்.

போன சொல்லைப் பார்த்தோம், வந்த சொல் ஒன்றையும் பார்க்கலாம். போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கும். இந்தத் தொடரில் வரும் இரண்டு ஏலமும் வேறு வேறு சொற்கள். முதலாவது இந்த மண்ணின் வாசனைச் சரக்கு. இரண்டாவது போர்ச்சுகீசியரின் 'லெய்லாவ்ங்'. அவர்களுக்கே அது சொந்தமில்லை, அறிவிப்பு என்று பொருள்படும் அரபுச் சொல் ஒன்றிலிருந்து வந்தது என்று அவர்கள் அகராதிகள் சொல்கின்றன. மலையாளத்தில் அதே சொல் 'லேலம்', தெலுங்கில் 'வேலம்', மராத்தியில் 'லிலாவ்', இந்தியில் 'நீலாம்', கடல் தாண்டி மலாயில் 'லேலாங்'. தமிழ் மட்டும் ஏன் லகரத்தை விழுங்கியது? நம் மரபில் சொல்லின் தலையில் லகரம் நிற்காது. உலோகம், இலக்கியம் என்று முன்னால் உகரமோ இகரமோ போடுவோம், இல்லாவிட்டால் தலையையே வெட்டிவிடுவோம். இங்கே வெட்டிவிட்டோம். வெட்டியதும் அது ஏற்கெனவே இருந்த ஏலத்தோடு போய் ஒட்டிக்கொண்டது.

போர்ச்சுகீசியர் விட்டுப்போனதைக் கணக்கெடுத்தால் வீட்டில் பாதி அவர்களுடையது: ஜன்னல், சாவி, அலமாரி, பீப்பாய், பாதிரி, மேஸ்திரி. யாழ்ப்பாணத்தில் இன்னும் கூடுதல். பாண், சப்பாத்து, குசினி, நாம் கடப்பாரை என்பதற்கு அங்கே அலவாங்கு. அவர்களுக்குப் பின்னால் வந்த டச்சுக்காரர்கள் அலுவலகத்துக்குக் கந்தோர் என்ற சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தமிழகத்தில் நாம் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லும் கக்கூஸும் அவர்கள் உபயம்.

ஒலி மாறுவதைவிடப் பொருள் மாறுவது குறும்பானது. ஒலிக்கு விதி உண்டு, பொருளுக்கு மனம்போன போக்கு. கறி என்றால் சங்க காலத்தில் மிளகு. யவனர் கப்பல்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து கறியோடு திரும்பின என்று அகநானூறு சொல்லும். காரம் போட்டுச் சமைத்த தொடுகறிக்கு அந்தப் பெயர் வந்தது, காய்கறி, மரக்கறி என்று கூட்டுச் சேர்ந்தது, இன்று ஞாயிற்றுக்கிழமை "கறி எடுத்தாச்சா?" என்று கேட்டால் ஆட்டுக்கறியைத் தவிர வேறெதுவும் யாருக்கும் தோன்றாது. ஐயர் வீடுகளில் மட்டும் வாழைக்காய்க் கறி இன்னும் பழைய பொருளில் நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் புதுக்காரம் வந்தபோது 'மிளகு காய்' என்று அதற்கும் பெயர் வைத்து, மிளகையும் பின்னுக்குத் தள்ளிவிட்டோம்.

நாற்றம் நல்ல மணமாக இருந்தது. ஆண்டாள் கண்ணன் வாயின் மணத்தைச் சங்கிடம் விசாரிக்கும்போது போடுகிற வினைச்சொல் 'நாறு' தான். இன்று அந்தச் சொல்லை யார் வாயைப் பற்றியும் சொல்லிப் பாருங்கள்! கழகம் என்பது திருக்குறளில் சூதாடும் இடம். இதை நான் எந்தக் கட்சிக்காரரிடமும் சொல்வதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது கச்சேரி. இந்துஸ்தானியில் அது நீதிமன்றம், அரசு அலுவலகம். பழைய ஆட்கள் போலீஸ் கச்சேரி, தாசில்தார் கச்சேரி என்பார்கள். இலங்கையில் மாவட்டச் செயலகத்துக்கு இன்றும் மக்கள் வாயில் கச்சேரிதான். ஆட்கள் கூடுகிற அவை என்பதிலிருந்து, கூடிக் கேட்கிற பாட்டுக்குப் பொருள் நகர்ந்திருக்க வேண்டும். மயிலாப்பூரில் ஒரு கச்சேரி சாலை இருக்கிறது. மார்கழியில் அந்தப் பக்கம் போகிற வெளியூர் ரசிகர்கள், சபாக்களால் வந்த பெயர் என்று நம்பிக்கொண்டு போகிறார்கள். பழைய அரசு அலுவலகக் கச்சேரியால் வந்த பெயர் அது.

சென்னையின் தெருப்பெயர்கள் இந்த விஷயத்தில் தங்கச்சுரங்கம். பக்கிங்காம் கால்வாய் மேல் ஹாமில்டன் பெயரில் ஒரு பாலம் இருந்தது. ஜனங்கள் வாயில் அது அமட்டன், அம்பட்டன் என்று தேய்ந்து, 'அம்பட்டன் வாராவதி' ஆனது. அதைக் கேட்ட வெள்ளைக்காரர்கள் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று எழுதினார்கள். அவர்கள் ஆள் பெயர் போய், அங்கே இல்லாத நாவிதர் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். இப்போது அது அம்பேத்கர் பாலம். காதில் விழுந்த ஒலியை மட்டும் வைத்துக் கதை கட்ட ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி கொஞ்சம் கோபம் வரவைக்கும் விஷயம். ஆயிரம் என்ற சொல் 'சஹஸ்ர' என்பதிலிருந்து வந்தது என்று பெரும்பாலான மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். பழைய கன்னடத்தில் 'சாசிர', இன்றைய கன்னடத்தில் 'சாவிர', நம்மிடம் ஆயிரம். சகரம் உதிர்வதை இஞ்சியில் பார்த்தோம். வடக்கிருந்து வந்த சொல்லுக்கும் அதே கதி நேர்ந்ததற்குச் சமணரே சாட்சி. தேவாரத்தில் அவர்கள் அமணர். இதைச் சொன்னால் தமிழைக் குறைத்துவிட்டதாகச் சிலர் பாய்கிறார்கள். பழம் என்பதோடு உறவுள்ள 'பல', நெல்லடிக்கும் களத்தோடு உறவுள்ள 'கல', மயிலோடு உறவுள்ள 'மயூர' என்று ரிக் வேதத்துக்குள்ளேயே திராவிடச் சொற்கள் இருக்கின்றன என்று இதே மொழியியலாளர்கள்தான் காட்டினார்கள். அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஆயிரத்தை மறுப்பது சரியில்லை. ஒரே தராசில்தான் இரண்டையும் நிறுக்க வேண்டும்.

பாவாணரைப் பற்றிக் கேட்பீர்கள். உலக மொழிகளையெல்லாம் தமிழ் வேரில் கொண்டுவந்து கட்டிய அவருடைய முடிவுகளில் பலவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. மொழியியல் துறையும் ஏற்கவில்லை. ஆனால் அவர் காது அசாத்தியமான காது. மாம்பிஞ்சுக்கு வடு, பலாப்பிஞ்சுக்கு மூசு, தென்னம்பிஞ்சுக்குக் குரும்பை, வாழைப்பிஞ்சுக்குக் கச்சல் என்று உழவர் வாயிலிருந்து அவர் அள்ளிக் கொடுத்ததைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1974இல் தமிழக அரசு அவரை இயக்குநராகப் போட்டுச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் மடலம் 1985இல் அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அவர் கட்டிய கோட்பாடு நிற்குமோ விழுமோ, சேகரித்த சொல் நிற்கிறது.

சித்தப்பாவிடமும் உங்களிடமும் நான் கேட்பது அதைத்தான். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியவேண்டுமானால் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனையும், அப்புறம் பர்ரோ–எமனோ அகராதியையும் பாருங்கள். இரண்டையும் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் காசில்லாமல் வைத்திருக்கிறது. அதைவிட முக்கியம், அவற்றில் இல்லாத சொற்கள். உங்கள் ஊர்க் கொத்தனார், தறிக்காரர், மீன்பிடிக்கிறவர், உங்கள் அப்பாயி, அம்மாச்சி வாயில் புழங்குகிற, வேறெங்கும் நீங்கள் கேட்டிராத சொல் ஏதாவது இருந்தால் குறித்து வையுங்கள். சொல், பொருள், எந்த ஊர், என்ன தொழில், எப்படி உச்சரித்தார்கள், எந்த வருஷம் கேட்டீர்கள், இவ்வளவு போதும். மூலத்தை நீங்களே ஊகித்து எழுத வேண்டாம். உச்சரிப்பை மட்டும் கைபேசியில் பதிவு செய்து வைத்தால் இன்னும் நல்லது.